ஐந்து நிமிடம் ஊற விடவும்

புதன்கிழமை தார்.
ஞாயிற்றுக்கிழமை அந்த ரோஸ் கலர் மருந்து.
நடுவில் வரும் நாட்களில் தலையைத் தொடாதீர்கள்,
கொட்டுவதை எண்ணாதீர்கள்
என்றார் ரவுண்டானா பக்கத்துத் தோல் டாக்டர்.
தொடாமல் இருந்துவிடுவேன்.
எண்ணாமல் எப்படி?
எண்ணித்தானே சம்பளம்.

கிருஷ்ணகிரி டோல்கேட், ஏழாம் லேன், இரவு ஷிப்ட்.
ஓசூரிலிருந்து இறங்கி வருவதெல்லாம்
என் கூண்டின் முன்னால்தான் ஒரு மூச்சு வாங்கும்.
இப்போது வண்டியின் நெற்றி ஸ்டிக்கரை
மெஷினே படித்துக்கொள்கிறது.
கட்டை எழுகிறது, விழுகிறது, எழுகிறது.
என் முகம் யாருக்கும் வேண்டியதில்லை.
ஸ்டிக்கரில் காசில்லாதவன் மட்டும்
கண்ணாடியை இறக்கி என்னைப் பார்ப்பான்,
பிறகு என் கழுத்து அட்டையைப் பார்ப்பான்.
நாமக்கல் லாரிக்காரர் ஒருவர் கேட்டேவிட்டார்:
"இது உன் தம்பியா?"

நான்தான் அண்ணே.
டெங்குவுக்கு முந்தைய நான்.
புரோக்கர் வேடியப்பனிடம்
அம்மா கொடுத்து வைத்திருப்பதும் அதே போட்டோதான்.

பாட்டிலைத் திறந்தால்
பர்கூர்ப் பக்கம் புது ரோடு போடும் வாசனை.
இரவெல்லாம் சாலையில் உட்கார்ந்தவன்
விடிந்ததும் சாலையைக் கரைத்துத் தலையில் தேய்க்கிறேன்,
விரல் நுனியால், நகம் படாமல்.
ஐந்து நிமிடம் ஊற விடவும்
என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.
ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது
நுரையோடு கண்மூடி நிற்பவனுக்குத்தான் தெரியும்.
டோலில் ஒரு லேன் ஐந்து நிமிடம் நின்றால்
ஹாரன் மேலுமலை வரைக்கும் கேட்கும்.
இங்கே ஹாரன் அம்மா ஒருத்திதான்:
"உள்ள என்னடா பண்ற, மோட்டாரை நிறுத்தவா?"

போர்த் தண்ணீர். உப்பு.
நுரை சீக்கிரம் செத்துப்போகும்.
சாக்கடை வலையில் சுருண்டு கிடப்பதை
விளக்குமாற்றுக் குச்சியால் எடுத்துப் பிரிக்கிறேன்.
எழுபத்திரண்டு.
நூறு வரை மன்னிப்பு உண்டு என்கிறார்கள்.

"இது முடியை முளைக்க வைக்காது"
டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.
"பொடுகை அடக்கும், அரிப்பை அடக்கும்.
வீட்டைப் பெருக்கித் தரும் தம்பி,
ஆள் குடிவருவது வேறு விஷயம்."
அந்த நேர்மைக்கே பீஸ் கொடுக்கலாம்.
கொடுத்தேன், நானூறு.

போன வியாழன், காலை ஆறுக்குப் பத்து நிமிடம்.
ஷிப்ட் மாற்ற வந்த ஷாகிரா பானு
என் நாற்காலியில் உட்காரப் போனவள் நின்றாள்.
"தார் வாசனை வருதே."
ரோட்டுல வேலை, வராதா பின்னே என்றேன்.
"அது இல்ல. ஷாம்பூ. எனக்குத் தெரியும்."
முக்காட்டின் ஓரத்தை ஒருமுறை இழுத்துவிட்டாள்.
"எனக்கும் கொட்டுது.
ரெண்டாவது பையன் பொறந்ததுல இருந்து.
எங்க வீட்டுச் சீப்புக்கு மட்டும்தான் தெரியும்."

மூடிய தலைக்குள்
எல்லாம் பத்திரமாய் இருக்கும் என்றல்லவா
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
ஒருமுறை பொறாமைகூடப் பட்டிருக்கிறேன்.

"எவ்ளோ நேரம் வெப்பீங்க?"
அஞ்சு நிமிஷம்.
"அய்யோ, நான் போட்ட உடனே கழுவிடறேன்.
எனக்கு எங்கண்ணா அஞ்சு நிமிஷம்?
சின்னவன் கதவத் தட்டுவான்."

ரசீது ரோலில் ஒரு முழம் கிழித்து எழுதினேன்.
புதன், ஞாயிறு.
நகம் வேண்டாம்.
டைமர் வைக்கவும்.
கதவைத் தட்டினாலும்.
அவள் அதை நான்காய் மடிக்கையில்
தெலங்கானா கன்டெய்னர் ஒன்று வந்து நின்றது.
மெஷின் ஸ்டிக்கரைப் படிக்கவில்லை.
இருவரையும் மாறி மாறிப் பார்த்தான் டிரைவர்.

இன்று புதன்.
ஷாகிராவுக்கு மதிய ஷிப்ட்.
டைமரில் மூன்று நிமிடம் பத்து நொடி,
இடது கண்ணில் நுரை எரிகிறது.
பழையபேட்டையில் ஏதோ ஒரு கதவை
ஒரு பொடியன் இந்நேரம் தட்டிக்கொண்டிருக்க வேண்டும்.
தட்டட்டும்.
கட்டை எழ
இன்னும் ஒன்று ஐம்பது இருக்கிறது.